ஆடுகிறவன் போய்விட்டால் அணி என்ன ஆகும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன் வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கும் என் பழைய மாணவன். பத்தாம் வகுப்பில் பானிபட் போர்களின் ஆண்டுகளை மாற்றிச் சொல்லிவிட்டு பெஞ்சு மேல் ஏறி நின்றவன். இன்று அவனே இருநூறு பிள்ளைகளை மைதானத்தில் ஓடவிடுகிறான்.

"சார், என் பேஸ்கட்பால் டீம் காலி" என்றான்.

போன வருஷம் நன்றாக ஆடிய ஐந்து பேரில் ஒருவன் வங்கி அணிக்குத் தேர்வாகிவிட்டான். ஒருவனுக்கு ரயில்வேயில் வேலை. உயரமான பையனை ஒரு பெரிய பல்கலைக்கழகம் இலவச சீட்டு, ஹாஸ்டல், சாப்பாடு என்று சொல்லி அழைத்துக்கொண்டது. நாலாவது பையன் கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வாகி ஒரகடத்தில் ஷிப்டுக்குப் போகிறான். மிச்சம் இருப்பது ஒரே ஒருவன், பந்தை எடுத்துப் போகிற பையன். இப்போது அவனுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து ட்ரையல்ஸுக்கு அழைப்பு வந்திருக்கிறது.

"அவனையாவது மண்டலப் போட்டி முடியும்வரை நிறுத்தி வைக்கணும் சார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேட்பான்."

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். வரலாற்று வாத்தியாருக்கு யோசிப்பது என்றால் பழசைப் புரட்டுவதுதானே.

இந்த விளையாட்டு நம் ஊருக்கு வந்த கதையே சுவையானது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் இதை உருவாக்கினார். குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாமல் அடைந்து கிடந்த மாணவர்களுக்காக இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகள் எழுதினார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1919-ல் சென்னைக்கு வந்தார். 1920-ல் அவர் தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. விளையாட்டு பிறந்த ஊருக்கும் நம் சென்னைக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்தான். நம் பள்ளிகளில் விசில் ஊதிய எத்தனையோ பி.டி. மாஸ்டர்கள் அந்தக் கல்லூரியில் தயாரானவர்கள்.

ஆக, கூடைப்பந்து பிறந்ததும் வளர்ந்ததும் பள்ளி, கல்லூரி மைதானங்களில். சம்பளம் பின்னால் வந்தது. அது வந்த நாளிலிருந்து என் மாணவன் கேட்ட கேள்வியும் இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 1946-ல் தொடங்கிய தொழில்முறை லீக் 1947-லேயே முதல் டிராஃப்டை நடத்தியது. அந்த லீக்தான் பிறகு என்.பி.ஏ. ஆனது. அணிகள் வரிசையாக ஒவ்வொரு இளைஞன் பெயராகச் சொல்லி எடுத்துக்கொள்ளும். போன வருஷம் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை. ஆரம்பத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது: பள்ளி முடித்து நான்கு ஆண்டுகள் ஆகாதவனைத் தொடக்கூடாது. கல்லூரிகளுக்கு அது நல்ல வேலி.

வேலி யாருக்காகப் போடப்பட்டது என்று ஒருவர் கேட்டார். ஸ்பென்சர் ஹேவுட். மிசிசிப்பியின் பருத்திக் காடுகளில் வேலை செய்து வளர்ந்த ஏழைக் குடும்பத்துக் கறுப்பின இளைஞர். வீட்டுக் கஷ்டம் நான்கு வருஷம் காத்திருக்காது என்று வழக்காடினார். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அதன்பின் கதவு திறந்தது. 1990-களில் பள்ளி முடித்த கையோடு நேராக என்.பி.ஏ.வுக்குப் போனவர்கள் வந்தார்கள். கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் எல்லாரும் அந்த வழி. 2005-ல் மீண்டும் விதியை மாற்றி, 19 வயதும் பள்ளிக்குப் பின் ஓராண்டும் ஆக வேண்டும் என்றார்கள். விளைவு, கெட்டிக்காரப் பிள்ளைகள் கல்லூரியில் ஒரே வருஷம் ஆடிவிட்டுப் பறந்தார்கள்.

கென்டக்கி பல்கலைக்கழகத்தின் கதையைக் கேளுங்கள். 2012-ல் தேசிய சாம்பியன். அதே ஆண்டு டிராஃப்டில் அந்த அணியிலிருந்து ஆறு பேர் எடுக்கப்பட்டார்கள். முதல் இடத்திலும் இரண்டாம் இடத்திலும் போனவர்கள் இருவருமே கென்டக்கி பையன்கள். அடுத்த வருஷம்? தேசிய சாம்பியன்ஷிப்புக்கே தகுதி பெறவில்லை. இரண்டாம் நிலைப் போட்டியில், ராபர்ட் மோரிஸ் என்ற சிறிய பல்கலைக்கழகத்திடம் முதல் சுற்றிலேயே தோற்று வீடு திரும்பினார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2014-ல் புதுப் பிள்ளைகளோடு மீண்டும் இறுதிப்போட்டி வரை வந்துவிட்டார்கள்.

இங்கே டிராஃப்ட் இல்லையே சார் என்பீர்கள். இருக்கிறது. மேடை இல்லை, டி.வி. இல்லை. ஒரு பழுப்பு உறையில் ட்ரையல்ஸ் கடிதமாக வரும், அவ்வளவுதான். தெற்கு ரயில்வே, பெரம்பூர் ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, சுங்கத்துறை: இவைதான் நம் பிள்ளைகளின் என்.பி.ஏ. நன்றாக ஆடினால் வேலை, வேலையில் இருந்துகொண்டே ஆட்டம், ஆட்டம் ஓய்ந்த பிறகும் மாதச் சம்பளம். பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வங்கி அணியும் ரயில்வே அணியும் ராணுவ அணியும் மோதும்போது, கேலரியில் உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையன் பந்தை மட்டுமா பார்க்கிறான்? பனியன் மேல் எழுதியிருக்கும் பெயரையும் பார்க்கிறான்.

அதில் தவறில்லை. சென்னைப் பெண் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்கு ஆடியவர். இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். கேரளத்திலிருந்து வந்த கீது அன்னா ஜோஸும் தெற்கு ரயில்வே வீராங்கனைதான். அமெரிக்கப் பெண்கள் லீக்கின் தேர்வு முகாம் வரை 2011-ல் போய்வந்தார். நிஜ என்.பி.ஏ. டிராஃப்டில் இந்தியாவில் பிறந்த ஒருவர் எடுக்கப்பட்டது 2015-ல்தான். பஞ்சாபின் சத்னாம் சிங், 52-வது இடம். அவருக்கும் ஒரு என்.பி.ஏ. ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. ரயில்வே வேலை கிடைத்த பிள்ளையின் தாய் சாமிக்குத் தேங்காய் உடைப்பது ஏன் என்று இப்போது புரியும்.

நம் பகுதிக்கு இன்னொரு டிராஃப்டும் வந்துவிட்டது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு வேலை தொடங்கியது, 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் நோக்கியா. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிஸான். அதன் பிறகு வல்லம், வடகால், மாத்தூர் என்று ஏரிக்கரை வரை ஆலைகள். விடியற்காலையில் சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்களின் ஜன்னல்களில் தூங்கும் முகங்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் நம் மைதானத்தில் ஓடியவர்கள்! இந்த ஆலைகள் பல குடும்பங்களின் கடனை அடைத்தன, தங்கைகளுக்குக் கல்யாணம் நடத்தின. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடப்பட்டதையும் பார்த்தோம். அதைப் பார்த்த பெற்றோர், பையனுக்கு அரசு நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் அதை எப்படிப் பிடித்துக்கொள்வார்கள் என்று சொல்லவா வேண்டும்?

இப்போது என் சொந்தக் கணக்கு ஒன்று.

1988-ஆம் வருஷம். எங்கள் பள்ளியில் ஆடிவிட்டுக் கல்லூரிக்குப் போன ஒரு பையன் ஒரு மாலை வீட்டுக்கு வந்தான். ட்ரையல்ஸ் அழைப்பு வந்திருந்தது. "போகலாமா சார்?" என்று கேட்டான். நான், "முதலில் டிகிரியை முடி. அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள்" என்றேன். பெரிய அறிவுரை சொன்ன திருப்தியில் அவனுக்கு ஒரு காபியும் கொடுத்து அனுப்பினேன்.

உண்மையைச் சொல்கிறேன். நான் படிப்பை மட்டும் நினைத்துச் சொல்லவில்லை. அந்தக் கல்லூரி அணியில் நாலு பேர் என் பள்ளிப் பிள்ளைகள். அந்த வருஷம் கோப்பை வரும், பேப்பரில் பெயர் வரும் என்று எனக்கு ஓர் ஆசை. கோப்பை வரவில்லை, இரண்டாவது சுற்றில் தோற்றார்கள். அடுத்த வருஷம் அந்த நிறுவனத்தில் ஆளெடுப்பே நடக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் அவன் முழங்கால் நடக்கவிடவில்லை. இன்றும் என்னை எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறான். ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு உறுத்தல். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று நான் சொன்னது தவறு. முப்பது வருஷத்துக்கு மேல் தாமதமாகச் சொல்கிறேன், மன்னித்துக்கொள்.

ஆகவே, ஞாயிறன்று போன் செய்த என் மாணவனுக்கு என் பதில்: அந்தப் பையனை அனுப்பிவிடு. நீயே வண்டியில் கூட்டிக்கொண்டு போய் ட்ரையல்ஸில் விட்டுவிட்டு வா.

உன் அணி என்ன ஆகும்? இந்த வருஷம் அடி வாங்கும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு நிர்வாகத்திடமும் சொல்லிவிடு. பிறகு ஜான் வுடனை நினைத்துக்கொள். கலிபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. அணியின் பயிற்சியாளர். ஆரம்பத்தில் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர், நம்ம ஆள். 1964 முதல் 1975 வரை 12 ஆண்டுகளில் 10 முறை சாம்பியன். பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் பெற்ற ஏழடி உயர வீரர் அவரிடம் ஆடிய மூன்று வருஷமும் கோப்பை. 1969-ல் அவர் டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். இனி யு.சி.எல்.ஏ. அவ்வளவுதான் என்றார்கள். 1970-ல் கோப்பை, 1971-ல் மறுபடியும் கோப்பை.

எப்படி? வுடன் புதுப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுத்தது காலுறையைச் சுருக்கமில்லாமல் போடுவது. சுருக்கம் கொப்புளம் ஆகும், கொப்புளம் பயிற்சியைக் கெடுக்கும். நட்சத்திரத்துக்கும் அதே பாடம், பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கும் அதே பாடம். அதனால் ஒருவன் எழுந்து போனதும் அடுத்தவன் அந்த இடத்தில் நிற்க முடிந்தது. அன்றைக்கு அவருக்கு நான்கு வருஷ வேலியின் பாதுகாப்பு இருந்தது, உனக்கு இல்லை. அதனால் நீ இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டும்.

முதலாண்டுப் பிள்ளைகள் எட்டுப் பேரைப் பிடி. உயரம் பார்க்காதே, தினமும் வருகிறானா என்று மட்டும் பார். பக்கத்து அரசுப் பள்ளி மைதானத்துக்கு வாரம் ஒரு நாள் போ, உன் மூன்றாம் வருஷ அணி அங்கேதான் இருக்கிறது. ஷிப்டுக்குப் போகும் அந்தப் பையனை விடுமுறை நாளில் கூப்பிட்டுச் சின்னவர்களோடு ஆடவிடு. வங்கிக்குப் போனவனிடம் பழைய ஷூக்களைக் கேள், கொடுப்பான்.

பிள்ளைகள் போகிறார்கள் என்பது உன் அணி நன்றாக இருந்ததற்குச் சாட்சி. யாரும் வந்து கூப்பிடாத அணியில்தான் ஐந்து பேரும் அப்படியே இருப்பார்கள். நாங்கள் வாத்தியார்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு வகுப்பை முழுசாக வழியனுப்பிவிட்டு ஜூனில் 'அ, ஆ' என்று மறுபடி தொடங்குகிறவர்கள். உனக்கு மட்டும் வேறு விதியா?

மண்டலப் போட்டி எந்த ஊரில், என்றைக்கு என்று சொல். நான் வருகிறேன். தோற்கிற ஆட்டத்தைப் பார்க்கவும் ஒருவர் வேண்டும் அல்லவா?

எல்லாரும் நலமாக இருங்கள்.

உங்கள்
வரலாற்று ஆசிரியர் (ஓய்வு)