பாலிடால் வந்த வரலாறு

நம் சமூகத்தாரில் நிலத்தை நம்பி ஜீவிக்கும் குடும்பங்கள் இன்றும் பல உள. அவர்கள் பயிருக்கு நஞ்சு தெளிப்பதை "மருந்தடிப்பது" என்றே கூறுவர். கொல்லும் பொருளுக்கு மருந்தென்று பெயர் வந்த விநோதத்தை என்னென்பது! அப்பெயராலேயே நம்மவர் அஞ்சவேண்டிய அளவு அஞ்சாதிருக்கின்றனர் என்பது நமது அபிப்பிராயம். ஆதலின் அப்பொருளின் பூர்வோத்தரத்தைச் சிறிது எடுத்துரைக்க விழைகிறோம்.

ஜெர்மனி தேசத்து ரசாயன சாஸ்திரியாகிய கெர்ஹார்ட் ஷ்ராடர் என்பார், பயிர்ப் பூச்சிகளை ஒழிக்கும் திரவியம் தேடுகையில், 1936-ஆம் வருஷக் கடைசியில் பாஸ்பரஸ் சேர்ந்த ஒரு புதுப்பொருளைக் கண்டார். சில வாரங்களுக்குள் அது அவரையே பீடித்தது. கண்மணி சுருங்கிப் பார்வை மங்கிற்று, மூச்சு முட்டிற்று. டாபுன் எனப்பட்ட அதனை அந்நாட்டு ராணுவத்தார் யுத்த விஷமாகச் செய்து குவித்தனர். அதே இனத்தில் 1944-ல் தோன்றிய பாரத்தியான், யுத்தம் ஓய்ந்தபின் வயலுக்கு வந்தது. பாலிடால் என்பது அதன் வியாபாரப் பெயர். நம் கிராமங்களில் அச்சொல் விஷத்திற்கே மறுபெயராய் நிலைத்துவிட்டது.

1958-ஆம் வருஷத்தில், உணவுப் பொருள்களுடன் கப்பலில் ஏற்றிவந்த இப்பாலிடால் மாவிற் கலந்துவிட, கேரளத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விபத்தே பூச்சிக்கொல்லிச் சட்டத்திற்குக் காரணமாயிற்று. சட்டம் நிறைவேறிய வருஷமோ 1968!

இந்நஞ்சு உடலில் வேலைசெய்யும் விதம் யாதெனில், நரம்பானது தசைக்கு ஒரு கட்டளை இட்டவுடன் அக்கட்டளையை அழித்து ஓய்வு தருவதற்கென்று ஒரு நொதி உண்டு. நஞ்சு அந்நொதியைச் செயலறச் செய்துவிடுகிறது. கட்டளை ஓயாது நிற்கவே, வியர்வையும் வாய்நீரும் பெருகும், தசைகள் துடிக்கும், முடிவில் சுவாசம் அடங்கும். காலத்தில் வைத்தியசாலை சேர்ந்தவர்க்கு அட்ரோபின் என்னும் மாற்றுமருந்து உண்டு. வாயால் உண்டாலன்றி விஷம் ஏறாதென்று எண்ணுவது பெரும் பிழை. தோல் வழியாகவும் அது உட்புகும்.

இதற்கு 2017-ஆம் வருஷத்து யவத்மால் சம்பவமே போதிய சாட்சி. மகாராஷ்டிரத்தில் விதர்ப்பப் பகுதியைச் சேர்ந்த அந்த ஜில்லாவில், அவ்வாண்டு மழைக்காலத்தில் பருத்திக்கு நஞ்சு தெளித்த குடியானவரும் கூலியாட்களும் நூற்றுக்கணக்கில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டனர். சுமார் இருபது பேர் உயிர் துறந்தனர். அவ்வருஷம் பருத்தி ஆளுயரம் வளர்ந்திருந்தபடியால், தெளித்த துளிகள் தெளித்தவர் முகத்திலும் மார்பிலுமே படிந்தன. பலவகை நஞ்சுகளை ஒன்றாய்க் கலந்தும் அடித்தனர். பாஸ்பரஸ் இனத்ததாகிய மோனோகுரோட்டோபாஸ் அங்கே பழகிய நஞ்சுகளில் ஒன்று. 2013-ல் பிகார் மாகாணத்துப் பள்ளியொன்றில் மதிய உணவிற் கலந்து இருபத்துமூன்று குழந்தைகளைக் கொன்றதும் அதுவே.

இறந்தவர்கள் அஜாக்கிரதையாய் இருந்தனர் என்று சொல்வாரும் உண்டு. கையுறையும் முகமூடியும் தரித்துக் கொளுத்தும் வெயிலில் நாள் முழுதும் நிற்பது எத்தகையதென்று அவர்கள் ஒருநாள் பார்க்கட்டும். கூலிக்குத் தெளிப்பவனுக்கு அவற்றை வாங்கித் தருவார்தாம் யார்? முதுகில் சுமந்த டப்பா கசிந்து சட்டை நனைகிறது. அச்சட்டையோடே அவன் வீடு சேருகிறான். மறுநாள் அவன் மனையாள் அதைக் குழந்தைகளின் துணியோடு ஒரே வாளியில் ஊறவைக்கிறாள்.