வான்குடை வலுவூட்டல்

வான்குடை விரியும் நொடியில் துணியில் ஏறும் இழுவிசையை நாடா, கயிறு, தையல் வழியாகச் சுமைக்குக் கொண்டுபோகும் அமைப்பு வலுவூட்டல் எனப்படும். எவ்வளவு நாடா தைத்திருக்கிறது என்பதைவிட எங்கே தைத்திருக்கிறது என்பதே குடையின் வலிமையைத் தீர்மானிக்கிறது.

1797 அக்டோபர் 22இல் பாரிசில் ஆந்த்ரே ழாக் கார்னெரன் சட்டகம் இல்லாத பட்டுக்குடையில் இறங்கினார். அடைபட்ட காற்று விளிம்பு வழியே தப்பியதால் குடை தாறுமாறாக ஆடியது. பிற்காலக் குடைகளின் உச்சியில் திறப்பு வைத்ததும் ஆட்டம் குறைந்தது. ஆனால் தையல்கள் எல்லாம் வந்து கூடும் இடமும் முதலில் காற்று மோதும் இடமும் அந்த உச்சிதான். திறப்பைச் சுற்றித் தடித்த பட்டி தைப்பது கட்டாயமாயிற்று.

1837இல் லண்டனில் இராபர்ட் காக்கிங் தலைகீழ்க் கூம்பாக ஒரு குடையைச் செய்தார். எடை சுமார் 113 கிலோ. கனமான வளையங்களோடு துணியை இணைத்த தையலோ மிக மெலிது. அதில் இறங்கும்போது குடை சிதைந்தது, அவரும் இறந்தார். வலுவை வளையத்துக்குக் கொடுத்துவிட்டு இணைப்பை மறந்த வடிவமைப்பு அது.

20ஆம் நூற்றாண்டின் வட்டக்குடைகள் இதற்கு நேர்மாறானவை. அமெரிக்க விமானிகளின் சி-9 குடையில் 28 துண்டங்கள், 14 கயிறுகள். ஒவ்வொரு கயிறும் ஒரு பக்கத்தில் தையலோடு ஏறி, உச்சித் திறப்பைக் கடந்து, மறுபக்கம் இறங்குகிறது. அதிர்ச்சியைக் கயிறே தாங்க, துணிக்குக் காற்றைப் பிடிக்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. ரவிக்கை தைப்பவர்கள் கிராஸ் என்று சொல்லும் சாய்வெட்டில் துணியை வெட்டியிருப்பதால் அது சற்று இழுபட்டுக் கொடுக்கும். கிழிசலும் அடுத்த தையலில் நின்றுவிடும்.

1930களில் ஜெர்மனியில் தியோடர் நாக்கேயும் கேயோர்க் மாடெலுங்கும் குடையையே இடைவெளி விட்ட நாடாக்களால் அமைத்தனர். ஒன்று அறுந்தாலும் அடுத்ததற்குக் கிழிசல் தாவுவதில்லை.

பின்னர் வந்த கெவ்லார் என்னும் வலிய செயற்கை இழை புதிய சிக்கலைக் கொண்டுவந்தது. நைலான் அறுவதற்கு முன் சுமார் 20 விழுக்காடு நீளும்; கெவ்லார் 3 அல்லது 4 விழுக்காடுதான். இரண்டையும் ஒரே நீளத்தில் சேர்த்துத் தைத்தால், நைலான் தன் பங்குச் சுமையை முழுதாக ஏற்குமுன்பே கெவ்லார் அறுந்துவிடும். நாடா சட்டென்று முடியும் இடமும் ஆபத்தானது. அந்த ஓரத்தில்தான் துணி பிளக்கும். நெருக்கமான தையலும் ஊசித்துளைகளால் நாடாவையே பலவீனமாக்கும்.

செவ்வாயில் இறங்குவதற்காக நாசா 2014இல் ஒலியை மிஞ்சிய வேகத்தில் விரித்துப் பார்த்த 30.5 மீட்டர் குடை கிழிந்தது. கூடுதல் வலுவோடு 2015இல் விரித்த குடையும் கிழிந்தது. பெர்சிவியரன்சு என்னும் செவ்வாய் ஊர்திக்காக வலுப்படுத்திய 21.5 மீட்டர் குடையோ 2018 சோதனையில் ஏறத்தாழ 70,000 பவுண்டு விசையைத் தாங்கியது. 2021 பிப்ரவரி 18 அன்று அந்த ஊர்தி செவ்வாயில் இறங்கியது இவ்வகைக் குடையில்தான்.