துபாஷியும் ஒரு பிரெஞ்சுச் சொல்லும்

மாமல்லபுரத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே சென்று, புதுச்சேரியை எட்டுமுன் கடப்பாக்கத்தில் இறங்கினால், உப்பங்கழியின் கரையில் சுவர் இடிந்த கோட்டை ஒன்றைக் காணலாம். 1750-ல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760-ல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்ட ஆலம்பரைக் கோட்டை அது. 'சுவர் இடிந்த கோட்டை' என்று தமிழில் நாம் அநாயாசமாகச் சொல்லிவிடுகிறோம். பிரெஞ்சில் சொல்லப் புகுந்தவனோ, கோட்டையை முதலில் நிறுத்தி, அதன் பின்னே மூக்கொலியோடு 'தோன்' என உச்சரிக்கப்படும் பிரதிப்பெயரை வைத்து, அதற்கப்பாலே சுவரையும் அதன் வீழ்ச்சியையும் கொண்டுவர வேண்டியவனாகிறான்.

'எங்கிருந்து' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களினின்று பிறந்த இப்பிரதிப்பெயர் சம்பந்தத்தை வெளிப்படையாகக் கூறுவது. நம் பெயரெச்சமோ அதைக் கேட்போர் ஊகத்துக்கு விட்டுவிடுவது. 'நான் பேசிய கோட்டை', 'நான் நினைத்த கோட்டை' என்னும் இரண்டும் நமக்கு ஒரே வார்ப்பு. பிரெஞ்சிலோ, பேசுதல் 'த' என்னும் இடைச்சொல்லை வேண்டுவதால் முன்னதற்குத் 'தோன்' பொருந்தும். நினைத்தல் 'ஆ' என்பதை வேண்டுவதால் பின்னதற்கு 'ஒக்கேல்' என்பதே வரும். ஆதலால் பிரதிப்பெயரை மட்டும் மனனம் செய்வதனால் பயனில்லை. ஒவ்வொரு வினையையும் அதன் இடைச்சொல்லோடு சேர்த்தே பாடம் பண்ண வேண்டும்.

இவ்வாறு இரு பாஷைகளுக்கு நடுவே நின்று, ஒன்று சொல்லாமல் விட்டதை மற்றொன்றில் சொல்லிக்காட்டுவதையே ஜீவனமாகக் கொண்டவர்கள் துபாஷிகள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னராயிருந்த டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சுக்காரர் காரியங்களிலேயே உழன்றபோதிலும், 1736-ல் தொடங்கிய தம் நாட்குறிப்பைத் தமிழிலேதான் எழுதிவந்தார்.

அந்த டூப்ளேயின் காலத்திலேயே, 1754 ஜனவரியில், டச்சுக்காரர் வசமிருந்த சதுரங்கப்பட்டினத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேசக் கூடினர். கர்நாடகத்து நவாப் பட்டம் யாருடையது, அதற்குக் காட்டப்படும் சன்னது என்னும் அதிகாரப் பத்திரம் மெய்தானா என்ற விவாதம் முற்றி, சமாதானம் கைகூடாமலே சபை கலைந்தது. அவ்வாண்டிலேயே டூப்ளேயும் தாயகத்துக்கு அழைத்துக்கொள்ளப்பட்டார். ஒரு பொருளை அதற்குரியவரோடு பிணைப்பது வாக்கியத்தில் ஒரு சிறு சொல்லின் வேலை. அன்றைய கரையிலோ அதற்குப் பீரங்கிகள் வேண்டியிருந்தன.

இருநூறு ஆண்டுகள் கழிந்து, 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியை விட்டு அகன்றது. அந்த மொழி மட்டும் பள்ளிகளில் தங்கிற்று. இன்றும் அங்கே ஒரு தமிழ் மாணாக்கன், சுவரை முந்திச் சொல்லிப் பழகிய தன் நாவை, கோட்டையை முந்திச் சொல்லப் பழக்கிக்கொண்டிருப்பான்.