மேலே போன பெட்டி, கீழே தேடும் கைகள்

பாலக்காட்டுக் கல்பாத்தி என்றால் தேர். இடுக்கி பீருமேடு என்றால் தேயிலை. ஊரை விட்டு வந்து பல காலமான நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருவது இவ்வளவுதான். இந்த இரண்டு ஊரும் இந்திய வானிலை இயலுக்கு ஒவ்வொரு மேதையைக் கொடுத்திருக்கின்றன என்பதும், இருவர் பெயரும் பலூனோடு சேர்ந்தது என்பதும் நம்மில் பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். இன்று கல்லூரிப் பிள்ளைகள் தெர்மகோல் பெட்டிக்குள் கேமராவையும் ஜி.பி.எஸ். கருவியையும் வைத்து 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் பலூன் விடுகிறார்கள். ஹாம் ரேடியோ அன்பர்களின் துணையோடு அதைத் துரத்திப் போய் எடுத்து வருகிறார்கள். இந்த விளையாட்டுக்கு நூறு ஆண்டு முன்கதை உண்டு.

கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன் 1893-இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். திருவனந்தபுரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். கல்கத்தாவில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தபின் 1925-இல் வானிலைத் துறையில் சேர்ந்தார். அப்போது ஆக்ராவில் அத்துறையின் மேல்வளி ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கிருந்து பலூனில் கட்டி விட்ட கருவியில் ரேடியோ எல்லாம் கிடையாது. டைன்ஸ் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த அந்தக் கருவிக்குள் தபால் தலை அளவில் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கும். காற்றழுத்தமும் வெப்பமும் மாற மாற ஓர் ஊசி அதன்மேல் கீறிக்கொண்டே போகும். பலூன் வெடித்துக் கருவி கீழே விழுந்த பிறகு யாராவது கண்டெடுத்துக் கொடுத்தால்தான் அந்தக் கீறலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படிக்க முடியும். கொடுக்காவிட்டால் எல்லாம் போச்சு! அதனால் கொண்டுவந்து கொடுப்பவருக்குச் சன்மானம் என்று ஒரு சீட்டையும் கட்டி அனுப்புவது அக்காலத்து வழக்கம். ஆக்ராவைச் சுற்றிக் கடலும் இல்லை, பெரிய மலையும் இல்லை. விழுவது பெரும்பாலும் வயற்காட்டில்.

அப்படித் திரும்பி வந்த தகடுகளையும் பிற நாட்டு அளவுகளையும் சேர்த்துப் பார்த்துத்தான், 1929-இல் 'நேச்சர்' இதழில் ராமநாதன் ஓர் உண்மையை எழுதினார். காற்றுமண்டலத்தின் கீழடுக்குகளில் மிகக் குளிர்ந்த காற்று துருவத்தின்மேல் இல்லை; நிலநடுக்கோட்டின்மேல், சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு தட்டையான வளையம்போல் கிடக்கிறது என்றார். அதன் வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 88 டிகிரி செல்சியஸ். அட, நம்ம ஊர் வெயிலுக்கு நேர் மேலே இப்படி ஒரு குளிரா என்று வியக்கத்தான் வேண்டியிருக்கிறது. ராமநாதனின் கூர்மையைப் புகழும்போது, பெயர் தெரியாத அந்த உழவர்களின் நேர்மையையும் சேர்த்தே புகழ வேண்டும் என்பது என் கருத்து.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. 1936-இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் மில்லிக்கனின் குழு காஸ்மிக் கதிர்களை அளக்கச் சென்னையிலிருந்து பலூன்களை விட்டது. காந்த நடுக்கோடு நம் தென்கோடிக்கு அருகில் செல்வதே காரணம். அந்தக் கருவிகள் ஃபிலிமில் பதிவு செய்பவை. ஆகவே அவையும் கைக்கு வந்து சேர வேண்டும். 1939-40-இல் மில்லிக்கன் மீண்டும் இந்தியாவுக்கு வந்தபோது பிக்கரிங் என்ற இளைஞரும் கூட வந்தார். இம்முறை ஆக்ரா, பெஷாவர், பெங்களூரு ஆகிய ஊர்களிலிருந்து விட்ட பலூன்கள் அளவுகளை ரேடியோ வழியே கீழே அனுப்பின. பெட்டி தொலைந்தாலும் தகவல் தொலையாது. இந்தப் பிக்கரிங்தான் பின்னாளில் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர்-1-ஐ 1958-இல் உருவாக்கிய ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தின் தலைவர்.

பீருமேட்டில் 1918-இல் பிறந்த அன்னா மணி, ராமநாதனைப் போலவே மாநிலக் கல்லூரியில் படித்து, ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர். வெளிநாட்டுக் கருவிகளையே நம்பியிருந்த வானிலைத் துறையில் 1948-இல் சேர்ந்து, கருவிகளை இங்கேயே செய்யவும் தரப்படுத்தவும் வழி வகுத்தார். 1960-களில் பலூனில் ஏறி ஓசோனை அளக்கும் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கியது அவருடைய பெரிய சாதனை. தும்பா ராக்கெட் தளத்தில் வானிலைக் கூடம் அமைத்தவரும் அவரே.

இனி மாணவர்களின் பலூனுக்கு வருவோம். 2021 பிப்ரவரி 7 அன்று ராமேஸ்வரத்திலிருந்து மாணவர்கள் செய்த 100 குட்டிச் செயற்கைக்கோள்கள் ஹீலியம் பலூன்களில் ஏறியது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனமும் ஒசகோட்டே வளாகத்திலிருந்து சிறு பலூன்களை அனுப்பியிருக்கிறது. மேலே ஏற ஏறப் பலூன் உப்பிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் வெடிக்கும். பெட்டி பாராசூட்டில் இறங்கும். 30 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பெட்டியின் குரல் 600 கிலோமீட்டர் தூரம்வரை நேர்க்கோட்டில் எட்டும். அதில் உள்ள சிறு டிரான்ஸ்மீட்டர் தான் இருக்கும் இடத்தை அடிக்கடி சொல்லிக்கொண்டே இருக்கும். தேர்வு எழுதி உரிமம் பெற்ற ஹாம்கள் அதைக் கேட்டு வரைபடத்தில் குறிப்பார்கள். வழியில் இரண்டு கண்டங்கள் உண்டு. ஒன்று, மலிவான ஜி.பி.எஸ். சில்லுகள் பல 18 கிலோமீட்டருக்கு மேல் வாயை மூடிக்கொள்ளும். மற்றொன்று பேட்டரியை உறைய வைக்கும் குளிர். அது வேறெதுவும் அல்ல, ராமநாதன் கண்ட அதே வளையந்தான்.

கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து விட்ட பலூன் எங்கே போகும்? ஆடி மாதமானால் கீழே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அதைக் கிழக்கே தள்ளும். 12 கிலோமீட்டருக்கு மேலே போனாலோ கதையே வேறு. அங்கே மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டும் கீழைக்காற்று அதை மேற்கே இழுக்கும். 1950-களில் கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர் கண்டு சொன்ன காற்றோட்டம் இது. ஆகவே பெட்டி சித்தூர்ப் பக்கத் தென்னந்தோப்பில் இறங்கலாம். நெல்லியாம்பதிக் காட்டிலும் இறங்கலாம். தேனிப் பக்கத்திலிருந்து விட்டால் தேவிகுளமோ ஏலமலையோ. 2,695 மீட்டர் ஆனைமுடியும் அதன் தம்பிமார்களும் நிற்கிற நாட்டில், பெட்டி ஒரு முகட்டுக்குப் பின்னால் இறங்கியதும் குரல் நின்றுவிடும். கடைசியாகக் கேட்ட இடத்துக்கு ஜீப்பில் போய், யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்து நாலு திசையும் திருப்பிச் சத்தம் எங்கே கூடுகிறது என்று பார்க்க வேண்டும். ஹாம்கள் இதை 'நரி வேட்டை' என்பார்கள்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்கள் பெட்டிமுடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே அந்தத் தேயிலைத் தோட்டக் குடியிருப்பு மண்ணில் புதைந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். மழையில் மின்சாரமும் இல்லை, செல்போனும் இல்லை. சேதி மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்கு வந்தது. எந்த மலையிலிருந்து எந்த ஊருக்கு அலை எட்டும், எந்தப் பள்ளத்தில் செத்துப் போகும் என்பதை ஒரு பலூனைத் துரத்துகிற பிள்ளை நடந்தே கற்றுக்கொள்கிறான்.

வேட்டையின் கடைசி அரை கிலோமீட்டரில் ரேடியோவும் கைவிடலாம். அப்போது பெட்டியை முதலில் பார்ப்பது கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணாகவோ ஆடு மேய்க்கும் பையனாகவோ இருக்கும். வயரும் பேட்டரியுமாக விழுந்து கிடப்பதைக் கண்டால் யாருக்கும் பயம் வரும். ஹைதராபாத்தில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம், பெரிய பலூன்களை விடுமுன், விழுந்ததைப் பிரிக்காமல் காவல் நிலையத்திலோ தபால் நிலையத்திலோ சொல்லுங்கள் என்று பத்திரிகைகளில் அறிவிப்புக் கொடுக்கிறது. மாணவர்களுக்கு அந்த வசதி ஏது? அவர்களுக்குப் பெட்டிமேல் ஒட்டும் சீட்டுதான் அறிவிப்பு. அது ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் இந்த எல்லை மலைகளில் யாருக்குப் பயன்? தமிழிலும் மலையாளத்திலும் மூன்று வரி போதும்: இது மாணவர்களின் வானிலைக் கருவி, வெடிபொருள் இல்லை, பிரிக்காமல் இந்த எண்ணில் சொன்னால் நாங்களே வந்து வாங்கிக்கொண்டு சன்மானம் தருகிறோம். மார்க்கர் பேனாவால் எழுதினால் ஒரு மழைக்குத் தாங்காது; அச்சடித்து, லேமினேட் செய்து, பெட்டியின் ஆறு பக்கமும் ஒட்ட வேண்டும்.