தாளத்துக்குத் தடை போட்ட சட்டம்

'ஹியூமன் டிராஃபிக்' (1999) பார்த்திருக்கீங்களா? வேல்ஸின் கார்டிஃப் நகரம். அஞ்சு நண்பர்கள். வாரம் முழுக்க ஒட்டாத வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா கிளப், ஆட்டம், எக்ஸ்டஸி மாத்திரை. கிளப் முடிஞ்சதும் யாரோ ஒருத்தர் வீட்டுல தொடரும் பார்ட்டி. ஞாயித்துக்கிழமை போதை இறங்கி வெறுமை. இயக்குநர் ஜஸ்டின் கெரிகன். கதை அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் பத்து வருஷத்துக்கு முன்னாடி நாலு சுவத்துக்குள்ள அடங்கலை. 1988 கோடையில ஆசிட் ஹவுஸ் இசை பிரிட்டனைப் பிடிச்சு ஆட்டியது. காலி கோடவுன், வயல்வெளின்னு ராத்திரி முழுக்க ஆடினாங்க. 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் 20,000 பேருக்கு மேல கூடி, ஏறக்குறைய ஒரு வாரம் கொட்டம்! ஊர்க்காரங்களுக்குத் தூக்கம் போச்சு. அரசுக்குக் கோபம் வந்துச்சு.

விளைவு, 1994 குற்றவியல் நீதிச் சட்டம். திறந்தவெளியில் 100 பேர் கூடி, ராத்திரியில ஊரைத் தொந்தரவு செய்யும் சத்தத்தில் இசை போட்டா போலீஸ் கலைக்கலாம்னு அப்போ அந்தச் சட்டம் சொல்லுச்சு. எது இசைன்னும் விளக்கினாங்க: திரும்பத் திரும்ப வரும் தாளத்தொடரும் அதில் அடக்கமாம்! ஆட்டெக்கர் என்ற இசைக்குழு சும்மா இருக்குமா? 'ஃப்ளட்டர்' என்று ஒரு பாட்டு போட்டாங்க. அதுல எந்த ரெண்டு தாளச்சுற்றும் ஒரே மாதிரி இருக்காது. இருந்தாலும் வாசிக்கும்போது பக்கத்துல ஒரு வக்கீலையும் இசை வல்லுநரையும் வச்சுக்கோங்கன்னு உறையிலேயே ஒரு நக்கல் :-)

சிரிப்பு அதோட முடிஞ்சது. அடுத்த வருஷம், 1995 நவம்பர். எசெக்ஸில் ஒரு பொண்ணு தன் 18வது பிறந்தநாள் பார்ட்டியில் எக்ஸ்டஸி மாத்திரை போட்டுக்கிட்டா. ஒன்றரை மணி நேரத்துல சுமார் 7 லிட்டர் தண்ணி குடிச்சா. உடம்பு தண்ணியை வெளியேத்த விடாம தடுக்கிற குணமும் அந்த மாத்திரைக்கு உண்டு. ரத்தத்தில் உப்பு குறைஞ்சு, மூளை வீங்கி இறந்துபோனா. வயல்வெளி இல்லை, ஆயிரக்கணக்கான கூட்டம் இல்லை, சொந்த வீடு. மாத்திரைக்கோ 1977லிருந்தே தடை.

ஆடிக் களைச்சவங்களுக்குச் சொன்ன 'தண்ணி குடி' என்ற அறிவுரையில, எவ்வளவு, எப்படி என்பதுதான் உயிர் காக்கும் தகவல். அது அந்த வீட்டுக்குப் போய்ச் சேரலை.

என் கணக்கு இதுதான். வயல்ல இருந்த கூட்டத்தைச் சட்டம் விரட்டுச்சு. கூட்டம் கிளப்புக்கும் வீட்டுக்கும் போச்சு, மாத்திரையும் கூடவே போச்சு. வாரம் முழுக்க வெறுத்துப்போன பசங்க வெள்ளிக்கிழமைக்காக ஏன் தவம் கிடக்கிறாங்கன்னு கெரிகன் படமாவது கேட்டுச்சு. சட்டம் தாளத்தை எண்ணிக்கிட்டு இருந்துச்சு.