மதுவும் வாய்ப்புற்றும்: திருவனந்தபுரம் காட்டிய வழி

மதுவின் கேட்டைப் பற்றிப் பேசுமிடத்து நாம் பெரும்பாலும் ஈரலையே நினைக்கிறோம். அது மெய்யே, எனினும் முழு உண்மை அன்று. மது முதலில் தீண்டும் உறுப்பு வாய். அவ்வாய்க்கு நேரும் தீங்கையும், அதைத் தடுக்கும் வழியையும் உலகுக்கு உணர்த்தியதில் திருவனந்தபுரத்திற்குத் தனிச் சிறப்பு உண்டு.

இந்நகரைச் சார்ந்த செம்பழந்தியில் 1856ஆம் ஆண்டு பிறந்து 1928இல் மறைந்த ஸ்ரீ நாராயண குரு, மதுவை நஞ்சென்றே கூறினார். அதனைக் காய்ச்சுதலும் கொடுத்தலும் குடித்தலும் ஆகாவென்று விலக்கினார். கள் இறக்குதலைத் தொழிலாகக் கொண்டோர் அவருடைய சமூகத்திலேயே பலர் இருந்தனர் என்பதை எண்ணினால், அவர் துணிவு விளங்கும்.

அறத்தின் குரலாக எழுந்த அச்சொல்லை அறிவியல் பின்னர் உறுதிசெய்தது. 1988இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புற்றுநோய் விளைவிப்பவை என ஐயமற நிலைநாட்டப்பட்டவற்றுள் மதுபானங்களையும் சேர்த்தது. மதுவிலுள்ள சாராயச் சத்து உடலில் அசிட்டால்டிஹைடு என்னும் பொருளாக மாறி, உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. அதனோடு புகையிலையும் சேருமாயின், கேடு கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வளர்கிறது.

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் 1996இல் அம்மாவட்டத்தின் 13 பகுதிகளில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். 35 வயதும் அதற்கு மேலும் ஆன ஏறத்தாழ 1,92,000 பேர் அதில் அடங்கினர். ஏழு பகுதிகளில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை வீடுவீடாகச் சென்று, மக்களின் வாயைக் கண்ணால் நோக்கி, ஐயத்திற்குரியோரை மருத்துவரிடம் அனுப்பினர். ஏனைய ஆறு பகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதியே இருந்தது. 2005இல் முடிவு வெளியாயிற்று. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, வாய் நோக்கப்பட்ட பகுதிகளில் வாய்ப்புற்றால் நேர்ந்த இறப்பு விகிதம் 34 விழுக்காடு குறைந்திருந்தது. பெருங்கருவிகள் எவையும் இன்றி, காலத்தே கண்ட கண்களே அவ்வுயிர்களைக் காத்தன.

மதுவை விடுவதே முதல் காப்பு. தீங்கில்லாத அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாக்கியுள்ளது. உற்றாரைப் பிரிந்து வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, வாய்ப்புண்ணைக் கண்டு வற்புறுத்தி மருத்துவரிடம் அனுப்புவார் அருகில் இல்லாமற் போகலாம். ஆதலின் இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண்ணோ, வெண்மையோ செம்மையோ படர்ந்த திட்டோ வாயில் தென்படின், நாமே காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுவோமாக. நோயைச் சொல்ல மொழி வாராத ஊரிலும், வாயைத் திறந்து காட்ட மொழி வேண்டுவதில்லை.