கெஜட்டில் வந்த தடை

1950 மார்ச் 10 தேதியிட்டு சென்னை ராஜ்ய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. ‘மக்கள் கல்விச் சங்கம்’ சட்டவிரோத அமைப்பு. பொது அமைதிக்கு ஆபத்தானது என்றது அந்த ஆணை. சங்கம் எந்தத் தேதியில், எங்கே, என்ன செய்தது என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. நிர்வாகிகள் கையிலும் நகல் தரப்படவில்லை. கெஜட்டில் போட்டதோடு சரி. ஆனால் அன்று முதல் உறுப்பினராக இருந்தால் ஆறு மாதம் வரையும், நிர்வாகியாக இருந்தால் மூன்று வருடம் வரையும் சிறைவாசம்.

அப்போதைய முதல்வர் ராஜபாளையத்துக்காரர், பூ. ச. குமாரசுவாமி ராஜா. ராஜபாளையத்தில் இருந்த தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றவர். அவருடைய அரசு கையில் எடுத்ததோ 1908-ஆம் ஆண்டுக் குற்றவியல் திருத்தச் சட்டம். சட்டமறுப்புக் காலத்தில் காங்கிரஸ் அமைப்புகளை முடக்க வெள்ளை அரசு எடுத்த அதே ஆயுதம்!

காலமும் கொதிப்பாக இருந்தது. 1949-லேயே கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. 1950 பிப்ரவரி 11-ல் சேலம் சிறைத் துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் பலியானார்கள். அதற்கு அடுத்த மாதம்தான் இந்தத் தடை. கட்சிக்குச் சங்கம் பண உதவி செய்தது என்பது அரசின் வாதம்.

சங்கத்தின் செயலாளர் வழக்கறிஞர் வி. ஜி. ராவ், ஏப்ரலிலேயே உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே, ஆகஸ்டில், அரசு சட்டத்தைத் திருத்தியது. தடைக்கு ஆளானவர்கள் மனு கொடுக்கலாம், ஆலோசனைக் குழு ஒன்று அதைப் பார்க்கும் என்றது. அந்தக் குழு முன்னால் நேரில் நின்று பேசவோ வக்கீல் வைக்கவோ உரிமை கிடையாது. செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. அரசு அப்பீல் போனது.

1952 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி தீர்ப்பைச் சொன்னார். அரசு தன் மனத்துக்குப் பட்டதை வைத்துச் சங்கம் சேரும் உரிமையைப் பறிக்க முடியாது. காரணங்களை நீதிமன்றம் சோதித்துப் பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். கெஜட்டை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்பதையும் அது கணக்கில் எடுத்தது. அதற்குள் குமாரசுவாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றிருந்தார். தீர்ப்பு வந்த பத்தே நாளில் ராஜாஜி முதல்வரானார்.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஒரு சங்கத்தை வெறும் ஆணை போட்டு மூடுவது சுலபமில்லை. ஆனால் பண வரவை அடைத்துவிட்டால்? 1976-ல், நெருக்கடி நிலையின்போது, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2010-ல் புதிய சட்டம். 2020-ல் இன்னும் இறுக்கம். நன்கொடை முழுவதும் டெல்லி ஸ்டேட் பாங்க் கிளை ஒன்றில்தான் வந்திறங்க வேண்டும். நிர்வாகச் செலவுக்கு இருந்த 50 சதவீத வரம்பு 20 ஆனது. மதுரையில் ஹென்றி திபேன் நடத்தும் ‘மக்கள் கண்காணிப்பகம்’ அமைப்பின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவைப் புதுப்பிக்க 2016-ல் உள்துறை மறுத்தது. அந்த மறுப்பு சட்டப்படி சரியாகத் தெரியவில்லை என்று தேசிய மனித உரிமை ஆணையமே சொன்னது.

2020 திருத்தங்களை எதிர்த்த வழக்கில், வெளிநாட்டு நன்கொடை பெறுவது யாருக்கும் முழு உரிமை அல்ல என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சங்கம் வைக்கும் உரிமையை 1952-ல் ராவ் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சங்கத்தை நடத்தும் செலவுக்கு அந்தத் தீர்ப்பு காவல் நிற்கவில்லை.

அடுத்த வாரம்: 1976-ல் அந்தச் சட்டம் வந்த கதை.

(தொடரும்)